கீழாநெல்லி: இத்தனை ஆய்வு இருக்கே, பதில் எங்கே?

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. வாசிக்க வசதியாக இருக்கும்படி சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

முடிச்சூர்ல இருந்து பேசுறேன். பின்னாடி ஒரு தண்ணி லாரி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, எங்க தெருவுக்கு இது அது வர்ற நேரம்.

முடிச்சூர்னு சொன்னதும் உங்கள்ல நிறைய பேருக்கு 2015 டிசம்பர் வெள்ளம்தான் ஞாபகம் வரும். அடையாறு கரை தாண்டி வந்து முதல் மாடி வரைக்கும் தண்ணி நின்ன படம் எல்லா சேனல்லயும் ஓடுச்சு. எனக்கு மழைன்னா இன்னொண்ணும் ஞாபகம் வரும். எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு காலி மனை இருக்கு. யாரோ வாங்கிப் போட்டு, நாலு கல் நட்டு, அப்புறம் மறந்தே போயிட்டாங்க. மழை விட்டு ரெண்டு வாரத்துல அந்த மனை முழுக்கப் பச்சை ஆயிடும். அதுல முழங்கால் உயரம்கூட வராத ஒரு செடி. பார்க்க நெல்லி இலை மாதிரி இருக்கும். இலைக் காம்பைத் திருப்பிப் பார்த்தா அடியில கடுகை விடக் கொஞ்சம் பெருசா, வரிசையா காய் தொங்கும். கீழ காய்க்கிற நெல்லி, அதனால கீழாநெல்லி. சாயங்காலம் ஆனா இலை எல்லாம் மூடிக்கும்.

எங்க அம்மா வருஷா வருஷம் அதைப் பிடுங்கி, வேரோட அலசி, அம்மியில அரைச்சு, மோர்ல கலந்து வெறும் வயித்துல கொடுப்பாங்க. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணி ஊத்தினதில்லை. எங்க வீட்டுல அது பாதி உணவு, பாதி மருந்து.

இந்த எபிசோட் அந்தச் செடியைப் பத்தி. உலகம் முழுக்க அதைப் பத்தி வந்திருக்கிற ஆராய்ச்சியை எல்லாம் ஒரே படமா வரைஞ்சு பார்த்தப்போ எனக்கு என்ன கிடைச்சதுன்னு சொல்லப் போறேன். ஏன் வரைஞ்சேன்கிறதுல இருந்து ஆரம்பிக்கிறேன். எங்க அக்காகிட்டயும் அம்மாகிட்டயும் கேட்டுட்டுத்தான் இதைப் பேசுறேன்.

அக்காவோட ரிப்போர்ட்

ரெண்டு வருஷம் முன்னாடி அக்கா மாசமா இருந்தா. கர்ப்பிணிகளுக்கு வழக்கமா எடுக்கிற ரத்தப் பரிசோதனையில ஒரு வரி: எச்.பி.எஸ்.ஏ.ஜி பாசிட்டிவ். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புல இருக்குன்னு அர்த்தம். அக்காவுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கண் மஞ்சளா இல்லை, பசி இருக்கு, வேலைக்குப் போயிட்டு வர்றா. டாக்டர் பதட்டப்படாம விளக்கினார்: இன்னும் சில டெஸ்ட் எடுக்கணும், குழந்தை பிறந்ததும் 24 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசி போடணும், கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசி ஒண்ணு, அப்புறம் அக்காவை வாழ்நாள் முழுக்க கண்காணிப்புல வச்சுக்கணும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாங்க: "டாக்டர் சொல்றதெல்லாம் இருக்கட்டும்டா. ஒரு மண்டலம் கீழாநெல்லி கொடுத்தா கல்லீரல்ல எந்த விஷமும் நிக்காது."

நான் வேண்டாம்னேன். மாசமா இருக்கிறவளுக்கு யாரையும் கேக்காம எதையும் அரைச்சுக் குடுக்கக் கூடாதுன்னேன். அம்மா போனை எடுத்து ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டைக் காட்டினாங்க. நோபல் பரிசு வாங்கின அமெரிக்க விஞ்ஞானி கீழாநெல்லி மஞ்சள் காமாலை வைரஸை விரட்டும்னு கண்டுபிடிச்சிட்டாராம். "ஆயிரக்கணக்குல ஆராய்ச்சி இருக்குன்னு போட்டிருக்கான். நீதான் கம்ப்யூட்டர்ல டேட்டா டேட்டான்னு உக்காந்திருக்கியே, பாத்து சொல்லு."

நியாயமான கேள்விதானே? நான் ஒரு கம்பெனியில டேட்டா பார்க்கிற வேலையில இருக்கேன். டாக்டரும் இல்லை, தாவரவியல் படிச்சதும் இல்லை. ஆனா ஆயிரக்கணக்கான தாளை வரிசைப்படுத்திப் பார்க்கத் தெரியும். அன்னைக்கு ராத்திரி உக்காந்தேன். அந்த ஃபார்வர்டைப் பொய்னு காட்டிடலாம்கிற நினைப்புல உக்காந்தேன்னுதான் சொல்லணும். அவ்வளவு சுலபமா முடியலை.

வரைபடம்னா என்ன?

இந்த மாதிரி படம் வரையிறதுக்கு நூலகத் துறையில 'பிப்ளியோமெட்ரிக்ஸ்'னு பேரு. ஆய்வுகளைப் பத்தின ஆய்வுன்னு வச்சுக்கலாம். பப்மெட், ஸ்கோபஸ் மாதிரி ஆய்வுத் தரவுத்தளத்துல செடியோட பேரைப் போட்டுத் தேடினா, அதைப் பத்தின கட்டுரைகளோட தலைப்பு, சுருக்கம், யார் எழுதினாங்க, எந்த நாடு, எந்த வருஷம், குறிச்சொற்கள், எல்லாம் ஒரு ஃபைலா கிடைக்கும். ஸ்கோபஸ்ல யார் யாரை மேற்கோள் காட்டினாங்கன்னும் கிடைக்கும். பப்மெட் இலவசம். ஸ்கோபஸுக்குச் சந்தா வேணும், பெரும்பாலும் கல்லூரி நூலகம் வழியாத்தான் கிடைக்கும்.

அந்த ஃபைலை வாஸ்வியூவர்னு ஒரு மென்பொருள்ல போடலாம். நெதர்லாந்து லைடன் பல்கலைக்கழகத்துல உருவாக்கினது, அதுவும் இலவசம். எந்த ரெண்டு சொல் ஒரே கட்டுரையில சேர்ந்து வருதோ அதைப் பக்கத்துல பக்கத்துல வைக்கும். அடிக்கடி வர்ற சொல் பெரிய வட்டம், எப்பவாவது வர்றது சின்ன வட்டம். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிற சொற்கள் ஒரே நிறம். கடைசியில ஸ்க்ரீன்ல தீவுக்கூட்டம் மாதிரி ஒரு படம் வரும். எந்தத் தீவு பெருசு, எதுக்கும் எதுக்கும் நடுவுல பாலம் இருக்கு, எது தனியா நிக்குதுன்னு கண்ணால பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் படம் எவ்வளவு பேர் பேசினாங்கன்னு காட்டும். பேசினது சரியா தப்பான்னு காட்டாது. இதை நான் அன்னைக்கு ராத்திரி சரியாப் புரிஞ்சுக்கலை.

முதல் சிக்கல் பேர்லயே

தேடல் பெட்டியில என்ன பேர் போடுறது? அங்கேயே மாட்டிக்கிட்டேன்.

இந்தியாவுல பல காலமா இந்தச் செடியை ஃபில்லாந்தஸ் நிருரின்னு எழுதினாங்க. 1753-ல லின்னேயஸ் வச்ச பேர் அது. ஆனா அவர் அந்தப் பேரை வச்சது அமெரிக்கக் கண்டத்துச் செடிக்கு. 1950-கள்ல வெப்ஸ்டர்ங்கிற தாவரவியலாளர் இந்தக் குடும்பத்தைத் திரும்ப ஆராய்ஞ்சப்போதான் குழப்பம் தெளிவாச்சு. நம்ம காலி மனையில முளைக்கிறது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதோட அண்ணன் தம்பி மாதிரி இன்னும் சில இனங்கள் இருக்கு. தண்டு சிவப்பா இருக்கிற யூரினாரியா ஒண்ணு. ஃப்ராட்டர்னஸ் ஒண்ணு. டெபிலிஸ் ஒண்ணு. தூரத்துல இருந்து பார்த்தா எல்லாமே கீழாநெல்லிதான்.

இதுல இன்னொரு வேடிக்கை. அமாரஸோட பூர்வீகமும் அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகளா இருக்கலாம்னுதான் தாவரவியலாளர்கள் நினைக்கிறாங்க. நம்ம மண்ணோட செடின்னு நாம நினைக்கிறது எப்பவோ கப்பலேறி வந்ததா இருக்கலாம்.

இது வெறும் பேர்ச் சண்டையா? இல்லை. 2010-ல ஒரு ஆய்வு வந்தது. தென்னிந்தியாவுல 25 நாட்டு மருந்துக் கடையில இந்தச் சரக்கை வாங்கி, தாவரக் கூறுகளையும் டி.என்.ஏ.வையும் வச்சுச் சோதிச்சாங்க. 76 சதவீத மாதிரிகள்ல அமாரஸ்தான் இருந்தது. மீதி 24 சதவீதத்துல வேற அஞ்சு இனங்கள். அதாவது நாலு கடைக்குப் போனா ஒரு கடையில வேற செடி. கடைக்காரர் ஏமாத்துறார்னு சொல்ல வரலை. காய வச்சுக் கட்டுக் கட்டா வந்தா அவருக்கே தெரியாது.

ஆய்வுக்கூடத்துக்கும் இதே கதைதான். பழைய கட்டுரையில நிருரின்னு இருந்தா அது எந்தச் செடின்னு, எழுதினவர் அந்த மாதிரியை உலர்தாவரகத்துல பத்திரப்படுத்தியிருந்தாத்தான் தெரியும். அதனால நான் நிருரி, அமாரஸ் ரெண்டையும், கூடவே மத்த இனங்களையும் போட்டுத் தேடினேன். அப்போ உலகமே திறந்தது. இந்தோனேசியாவுல இதுக்கு மெனிரான்னு பேரு. மலேசியாவுல 'டுக்குங் ஆனாக்', பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிறதுன்னு அர்த்தம். நாம காய் கீழே தொங்குதுன்னோம், அவங்க செடி குழந்தையை முதுகுல கட்டியிருக்குன்னாங்க. பிரேசில்ல 'கெப்ரா பெத்ரா', கல்லை உடைக்கிறது.

மூணு தீவு

படம் வந்தது. எனக்கு மூணு பெரிய கூட்டம் தெரிஞ்சது.

முதல் தீவு, கல்லுடைக்கிற தீவு. பிரேசில்ல மக்கள் இதைச் சிறுநீரகக் கல்லுக்குத்தான் குடிப்பாங்க. அங்கே மஞ்சள் காமாலை பேச்சு கம்மி. சாவோ பாலோ ஆய்வாளர்கள் கல் உருவாகிற வேதியியலை, கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகச் செல்லுக்குள்ள போறதை, நோயாளிகளோட சிறுநீர்ல கால்சியம் அளவை எல்லாம் பார்த்திருக்காங்க. ஒரே செடிக்குடும்பம், ரெண்டு கண்டம், ரெண்டு வேற உறுப்பு. ஊர்ல பாட்டி எந்த நோய்க்குக் கொடுத்தாங்களோ அதைத்தான் பேரன் ஆய்வுக்கூடத்துல தேடுறான். இது எனக்குப் புதுசா இருந்தது.

ரெண்டாவது தீவு, படத்துலயே பெருசு. எலி, கல்லீரல் பாதுகாப்பு, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு, ஃபில்லாந்தின், ஹைப்போஃபில்லாந்தின். இந்தத் தீவுல இந்தியா கொடிகட்டிப் பறக்குது. கூடவே நைஜீரியா, மலேசியா. ஃபில்லாந்தின்கிற கசப்புப் பொருளைப் பிரிச்செடுத்ததை 1946-லயே வெளியிட்டவங்க கிருஷ்ணமூர்த்தியும் டி.ஆர். சேஷாத்ரியும். சேஷாத்ரி நம்ம குளித்தலைக்காரர்.

இந்தத் தீவுல நிறைய கட்டுரை ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். எலிக்குச் சில நாள் செடிச்சாறு கொடுப்பாங்க. அப்புறம் கார்பன் டெட்ராகுளோரைடு மாதிரி ஒரு விஷம், இல்லேன்னா ஏகப்பட்ட பாராசிட்டமால். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்குன்னு ரத்தத்துல நொதி அளவைப் பார்ப்பாங்க. சாறு குடிச்ச எலிக்குச் சேதம் குறைவு. முடிவு: கல்லீரலைப் பாதுகாக்குது.

எலிக்கு அது உண்மையா இருக்கலாம். ஆனா எங்க அக்காவோட கேள்வி அது இல்லையே! அவளுக்கு யாரும் விஷம் வைக்கலை. அவ கல்லீரல் செல்லுக்குள்ள ஒரு வைரஸ் குடியிருக்கு. விஷத்துல இருந்து எலியைக் காப்பாத்துறதும் செல்லுக்குள்ள இருக்கிற வைரஸை வெளியேத்துறதும் வேற வேற வேலை. எண்ணிக்கையைப் பார்த்து "ஆயிரக்கணக்குல ஆராய்ச்சி"ன்னு சொன்னா இந்த எலி எல்லாம் அதுல சேர்ந்துடும்.

மூணாவது தீவு சின்னது. ஹெபடைடிஸ் பி, வைரஸ், மருத்துவப் பரிசோதனை, மனுஷங்க. அம்மாவோட கேள்விக்குப் பதில் இருந்தா இங்கேதான் இருக்கணும். அந்தத் தீவோட நடுவுல இருந்த பெரிய வட்டத்தைக் க்ளிக் பண்ணினேன். ஊர் பேரு: மெட்ராஸ்.

தரமணியில நடந்தது

இங்கே கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இது நம்ம ஊர்க் கதை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் தரமணியில் இருக்கிறது. அங்கே நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்தவர் எஸ்.பி. தியாகராஜன். பிற்பாடு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் ஆனவர். 1982-ல் அவருடைய குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி இரண்டின் சாறும் சோதனைக்குழாயில் ஹெபடைடிஸ் பி-யின் மேலுறைப் புரதத்தைச் செயலிழக்க வைக்கின்றன என்பது அதன் சாரம்.

அடுத்தது அமெரிக்கா. பாரூக் பிளம்பெர்க், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்றவர். ஃபிலடெல்ஃபியாவில் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் அவரும், பி.எஸ். வெங்கடேஸ்வரனும், இர்விங் மில்மனும் சேர்ந்து 1987-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் கீழாநெல்லிச் சாறு பற்றி எழுதினார்கள். வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கப் பயன்படுத்தும் நொதியைச் சாறு தடுத்தது. வுட்சக் என்றொரு விலங்கு, அணில் குடும்பம், வளை தோண்டி வாழ்வது. அதற்கு ஹெபடைடிஸ் பி-க்கு நெருங்கிய உறவான ஒரு வைரஸ் வரும். அந்த விலங்கிலும் பலன் தெரிந்தது.

ஆக, அம்மா காட்டின ஃபார்வர்ட்ல 'நோபல் விஞ்ஞானி' பொய் இல்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்தது.

1988 அக்டோபர். லான்செட் இதழில் தியாகராஜன் குழுவின் கட்டுரை, பிளம்பெர்க் பெயரும் அதில் உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமக்கிறவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி மருந்து கொடுத்தார்கள். முடிந்து 15-20 நாள் கழித்துப் பார்த்தபோது 37 பேரில் 22 பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி இல்லாமல் போயிருந்தது. 59 சதவீதம். வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும்.

இது எவ்வளவு பெரிய எண்ணுன்னு தெரியணும்னா ஒண்ணு சொல்றேன். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தானா விலகுறது வருஷத்துக்கு நூத்துல ஒருத்தருக்கு நடந்தா பெருசு. இன்னைக்கு இருக்கிற நல்ல மாத்திரைகள்கூட வைரஸை அடக்கி வைக்கும், அவ்வளவுதான். எச்.பி.எஸ்.ஏ.ஜி.யை ஒழிக்கிறது ரொம்ப அபூர்வம். அந்த நிலைமையில 30 நாள்ல 59 சதவீதம்! காலி மனைச் செடியில! ராத்திரி ஒரு மணிக்கு நான் தனியா எழுந்து நின்னுட்டேன். அம்மாவை எழுப்பி "நீ சொன்னதுதான்மா சரி"ன்னு சொல்லலாமான்னுகூடத் தோணுச்சு.

எழுப்பலை. அடுத்த வட்டத்தைக் க்ளிக் பண்ணினேன்.

அதுக்கப்புறம்

1990, அதே லான்செட். தாய்லாந்து ஆய்வாளர்கள் ஃபில்லாந்தஸ் அமாரஸை, அறிகுறி இல்லாத வைரஸ் சுமப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் போகவில்லை. கட்டுரையின் தலைப்பிலேயே தோல்வி என்ற சொல் இருக்கிறது. 1994-ல் நியூசிலாந்து. அங்கேயும் பலன் இல்லை. வாத்துக்கும் இதே வகை வைரஸ் வரும், அதில் செய்த சோதனையும் கைகொடுக்கவில்லை. 1995-ல் சீனாவில் வெவ்வேறு இடங்களில் பறித்த மூன்று வகை ஃபில்லாந்தஸ் மருந்துகளை ஒப்பிட்டபோது, மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை.

ஏன் மெட்ராஸ்ல வந்தது மத்த இடத்துல வரலை? காரணம் பல இருக்கலாம். செடி எங்கே வளர்ந்தது, எந்தப் பருவத்துல பறிச்சது, எப்படி உலர்த்தினது, எந்த இனம்? முதல் ஆய்வு சின்னது. ஒரு பக்கம் 37, இன்னொரு பக்கம் 23, ரெண்டும் சமமாக்கூட இல்லைங்கிறதைக் கவனிங்க. தற்செயலா நல்ல முடிவு வர்றது சின்ன ஆய்வுகள்ல நடக்கும். யாரோ பொய் சொன்னாங்கன்னு அர்த்தம் இல்லை. அறிவியல்ல ஒரு தடவை வந்தா அது சேதி. வேற ஊர்ல, வேற ஆள் செஞ்சும் வந்தாத்தான் அது முடிவு.

2011-ல காக்ரேன் அமைப்பு அதுவரைக்கும் வந்த பரிசோதனைகளைத் திரட்டி ஆராய்ஞ்சது. 16 பரிசோதனை, 1326 நோயாளிகள். அதுல வெற்று மருந்தோட ஒப்பிட்டது எத்தனை தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. மத்த 15-ம் வேற மருந்தோட சேர்த்துக் கொடுத்தது. கூட்டிக் கழிச்சு அவங்க சொன்னது, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு ஃபில்லாந்தஸ் பலன் தரும்னு சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லைன்னு.

இப்போ திரும்பப் படத்தைப் பார்த்தேன். எலித் தீவு வருஷா வருஷம் வளருது. மனுஷத் தீவு 90-கள்ல வேகமா வளர்ந்து, அப்புறம் மந்தமாயிடுச்சு. எலித் தீவுல நான் திறந்து பார்த்த பல கட்டுரைகளோட முதல் பத்தியிலயே 1988 ஆய்வு வந்து உக்காந்திருக்கு. "ஹெபடைடிஸ் பி-க்குப் பயன்படுவது தெரிந்ததே"ன்னு. 1990 தாய்லாந்து ஆய்வைப் பக்கத்துல சொன்னவங்க கம்மி. ஜெயிச்சதுக்கு வாரிசு நிறைய, தோத்ததுக்கு யாரும் இல்லை. அந்த வாரிசு வரிசையில கடைசியா வந்ததுதான் எங்க அம்மா போன்ல இருந்த ஃபார்வர்ட். அது சொன்ன பாதியில ஒரு தப்பும் இல்லை. மீதிப் பாதி அதுல இல்லை, அவ்வளவுதான்.

அப்போ அம்மா பார்த்தது என்ன?

காலையில அம்மாகிட்ட எல்லாம் சொன்னேன். அம்மா பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "அப்போ உனக்குப் பத்தாவது படிக்கிறப்போ காமாலை வந்துச்சே. நான் கொடுத்துதானே சரியாச்சு? கண்ணால பார்த்தேனே?"

வந்தது உண்மை. மூணு வாரம் படுத்திருந்தேன். அம்மா தினம் காலையில கீழாநெல்லி மோர் கொடுத்தாங்க, உப்பில்லாக் கஞ்சி கொடுத்தாங்க. சரியாச்சு.

இதுக்கு எனக்குப் பதில் கிடைச்சது நாங்க போய்ப் பார்த்த ஒரு சித்த மருத்துவர்கிட்ட. தாம்பரம் சானடோரியத்துல 2005-ல இருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறதால எங்க பக்கத்துல சித்த மருத்துவர்களுக்குக் குறைவில்லை. அவர் எங்க அம்மாகிட்ட சொன்னார்: "காமாலைங்கிறது நோய் இல்லம்மா, அடையாளம். வீட்டுல புகை வருதுன்னா அடுப்பாவும் இருக்கலாம், கூரையாவும் இருக்கலாம். எதுல இருந்து வருதுன்னு பாக்காம நான் மருந்து தர மாட்டேன். முதல்ல ரத்தப் பரிசோதனை."

கெட்ட தண்ணியில, சாப்பாட்டுல வர்ற காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ, இல்லேன்னா ஈ. வெள்ளம் வந்து கழிவுநீரும் குடிநீரும் கலக்கிற எங்க மாதிரி ஏரியாவுல இதுக்குப் பஞ்சமே இல்லை. அது பெரும்பாலானவங்களுக்குச் சில வாரத்துல தானா சரியாயிடும். (கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ ஆபத்து, அதை மட்டும் விளையாட்டா எடுக்காதீங்க.) அந்தச் சில வாரம் யார் எதைக் கொடுத்தாலும் பேர் அதுக்குத்தான் போகும். ஹெபடைடிஸ் பி ரத்தத்துல, உடலுறவுல, பிரசவத்துல பரவுறது. பெரியவங்களுக்குத் தொத்தினா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு உடம்பே அதை விரட்டிடும். பிறக்கிறப்போ தொத்தினா தலைகீழ். பத்துல ஒன்பது குழந்தைக்கு அது வாழ்நாள் முழுக்க நின்னுடும். பல வருஷம் ஒரு சத்தமும் இல்லாம இருந்து, சிலருக்கு நாப்பது அம்பது வயசுல கல்லீரல் சுருங்குறதாவோ புற்றுநோயாவோ வெளிய வரும்.

அம்மா பார்த்ததும் பொய் இல்லை. பார்த்தது வேற நோய்.

அம்மாவோட ரிப்போர்ட்

அக்காவுக்குத் தெரிஞ்சதும் குடும்பத்துல எல்லாரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருந்தாங்க. மாமா நெகட்டிவ். நான் நெகட்டிவ். அம்மா பாசிட்டிவ்.

ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு அம்மா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "என்கிட்ட இருந்துதான் அவளுக்குப் போச்சா?"ன்னாங்க. உறுதியா சொல்ல முடியாது, வாய்ப்பு இருக்குன்னுதான் டாக்டர் சொன்னார். அக்கா பிறந்தது 90-கள்ல. தேசியத் தடுப்பூசித் திட்டத்துல ஹெபடைடிஸ் பி நாடு முழுக்க வந்தது 2011-லதான். அம்மா கையில அப்போ எதுவுமே இல்லை. இருந்தது கீழாநெல்லி. எங்க அம்மா இத்தனை வருஷமா காலி மனையில குனிஞ்சு பிடுங்கினது அந்த ஒண்ணை வச்சு எங்களைக் காப்பாத்தத்தான். அதை மூடநம்பிக்கைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 2022-ல உலகத்துல 25.4 கோடிப் பேருக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி. இந்தியாவுல மட்டும் 2.98 கோடி. உலக அளவுல தனக்கு இருக்கிறது தெரிஞ்சவங்க 13 சதவீதம். எங்க வீட்டுல ரெண்டு பேர் அந்தத் தெரியாத கூட்டத்துலதான் இருந்திருக்காங்க.

கடைசியா படத்துல கவனிச்ச ஒண்ணைச் சொல்லிடறேன். 1987 கீழாநெல்லிக் கட்டுரையில பிளம்பெர்க், மில்மன்னு ரெண்டு பேர் இருந்தாங்க இல்லையா? அதே ரெண்டு பேர்தான் 1969-லயே ஹெபடைடிஸ் பி-க்கு முதல் தடுப்பூசியை உருவாக்குற வழியைக் கண்டவங்க. தடுப்பூசியைக் கண்டுபிடிச்சவங்களே நம்ம காலி மனைச் செடியையும் மதிச்சு எடுத்துச் சோதிச்சாங்க. ஒண்ணு திரும்பத் திரும்ப எல்லா ஊர்லயும் நின்னுச்சு. இன்னொண்ணு நிக்கலை. பிளம்பெர்க் பிறந்த ஜூலை 28-தான் இன்னைக்கு உலக ஹெபடைடிஸ் தினம். 2018-ல அதே தேதியில இந்திய அரசு ஒரு தேசியத் திட்டம் ஆரம்பிச்சது. அதுல டெஸ்ட்டும், தேவைப்படுறவங்களுக்கு மாத்திரையும் அரசு மருத்துவமனையில இலவசம்.

அக்காவுக்குப் பொண்ணு பிறந்தா. முதல் நாளே தடுப்பூசி, இம்யூனோகுளோபுலின் ரெண்டும் போட்டாங்க. மீதித் தவணையும் முடிஞ்சு, ஒரு வயசை ஒட்டி எடுத்த டெஸ்ட்ல நெகட்டிவ். அந்த ரிப்போர்ட்டை அம்மா பூஜை அலமாரியில வச்சிருக்காங்க. அம்மாவும் அக்காவும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சேர்ந்து செக்கப் போறாங்க, திரும்பி வர்றப்போ மேற்குத் தாம்பரத்துல காபி. ரெண்டு பேருக்கும் இப்போதைக்கு மாத்திரை தேவைப்படலை. நான் மூணு டோஸ் தடுப்பூசி போட்டு முடிச்சேன்.

கீழாநெல்லி ஆராய்ச்சி முடிஞ்சதுன்னு நான் சொல்லலை. சரியான இனத்தை அடையாளம் கண்டு, ஒரே தரத்துல மருந்து தயாரிச்சு, போதுமான ஆளுங்களோட நல்ல பரிசோதனை ஒண்ணு வரணும். இன்னும் ஒரு நூறு எலிக் கட்டுரையை விட அது ஒண்ணு பெருசு. இதைக் கேக்கிறவங்கள்ல சித்த மருத்துவமோ, மருந்தியலோ, தாவரவியலோ படிக்கிறவங்க இருந்தா, அந்தத் தீவு இன்னும் காலியாத்தான் கிடக்கு.

மத்தவங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எச்.பி.எஸ்.ஏ.ஜி டெஸ்ட் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. ஒரு ஊசிக் குத்து. நெகட்டிவ்னா தடுப்பூசி போட்டுக்கோங்க. பாசிட்டிவ்னா பயந்து ஒளியாதீங்க, வீட்டுல இருக்கிறவங்களையும் கூட்டிட்டுப் போங்க. கூட உக்காந்து சாப்பிட்டா, கட்டிப் பிடிச்சா இது பரவாது, அதனால யாரையும் தனித் தட்டுல உக்கார வைக்காதீங்க.

காலி மனையில இந்த வருஷமும் செடி வந்திருக்கு. அம்மா நேத்து ஒரு கை பிடுங்கிட்டு வந்து மோர்ல கலந்து எனக்கு நீட்டினாங்க. "இது மருந்து இல்லடா, மோர். குடி." குடிச்சேன். கசப்புதான்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். உங்க வீட்டுல 'கண்ணால பார்த்த' மருந்துக் கதை ஏதாவது இருந்தா குரல் பதிவா அனுப்புங்க.